வானொலிக் கர்நாடக இசை நிகழ்ச்சியில் நேயர்களைப் பேச விடுவது தேவைதானா?

கேள்வி: "நிகழ்ச்சியே ஒரு மணி நேரம். அதில் பாதி, நேயர்கள் போன் செய்து 'நல்லா இருக்கீங்களா' என்று விசாரிப்பதிலேயே போய்விடுகிறது. பாட்டை மட்டும் போட்டால் போதாதா?"

இதைக் கேட்டவர் முறையாகப் பாட்டு படித்தவராகத்தான் இருப்பார். ஏழெட்டு வருஷம் வர்ணம், கீர்த்தனை என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றவருக்குத்தான் இவ்வளவு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் போன் செய்து உங்கள் நேரத்தைத் தின்ற ஆட்களில் நானும் ஒருத்தி. அதனால் பேசாமல் போக முடியவில்லை.

எனக்குச் சங்கீதம் தெரியாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை சட்டை, பரதநாட்டிய உடுப்பு எல்லாம் தைப்பேன். ரவிக்கை தைப்பவளுக்கு ராகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை என் கடையில் ரேடியோ ஓடுகிறது. கையும் கண்ணும் ஊசியில் இருக்கும், காது மட்டும் சும்மாதானே இருக்கிறது?

கேட்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. இங்கே இருக்கிற தமிழ் வானொலியை இன்றைக்கு மின்னல் எஃப்எம் என்கிறோமே, அதை அவர் கடைசிவரை 'வானொலி ஆறு' என்றுதான் சொன்னார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் சிற்றலையில் அகில இந்திய வானொலிக் கச்சேரியைத் தேடிப் பிடிப்பார். அங்கே ஒன்பதரை என்றால் அப்போது நமக்குப் பதினொன்றரை. 1982 பிறந்ததும் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, அதற்கப்புறம் அதே கச்சேரி நடுநிசிக்குப் போய்விட்டது. "அரை மணித் தூக்கத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு" என்பார். கரகரப்புக்கு நடுவே ஒரு வயலின் வரும், திடீரென்று ஏதோ சீன நிலையம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதோடு சண்டை போட்டுக்கொண்டே கேட்பார். போன் செய்வதெல்லாம் அவர் நினைத்தும் பார்க்காத விஷயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அந்த நிகழ்ச்சியும் இப்போது இல்லை. வாரம் ஒரு நாள் சாயங்காலம் கர்நாடக இசை வரும். நடுவில் வீணையிலோ புல்லாங்குழலிலோ மூன்று நிமிஷம் ஓர் ஆலாபனை. பாட்டு கிடையாது, ராகம் மட்டும்தான். என்ன ராகம் என்று நேயர்கள் போன் செய்து சொல்ல வேண்டும். பரிசும் ஒன்றும் இல்லை, "சரியான விடை" என்று அறிவிப்பாளர் சொல்வார், அவ்வளவுதான்.

அன்றைக்கு வீணை. முதல் வரியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டில் ஊஞ்சல் பாட்டு பாடுவார்களே, அந்தச் சாயல். ஆனந்தபைரவி! கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு எண்களை அழுத்தினேன். முதல் தடவையே மணி அடித்தது. ஒரு பையன் எடுத்துப் பேர், ஊர் கேட்டுவிட்டு, "ரேடியோ சத்தத்தைக் குறைச்சிடுங்க அக்கா, லைன்லயே இருங்க" என்றான். குறைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அறிவிப்பாளர் குரல் வந்த அதே நேரத்தில் என் உதவியாள் பெண் ஓவர்லாக் மெஷினை மிதித்துவிட்டாள்.

"வணக்கம்… அங்கே என்னம்மா சத்தம்?"

"தையல் கடை சார். ஆனந்தபைரவி சார். சந்தேகமே இல்லை."

அந்த 'சந்தேகமே இல்லை' மட்டும் என் வாயில் வராமல் இருந்திருக்கலாம். அவர் ஒரு கணம் பேசவில்லை. "ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக ஒருவரைத் தப்பு என்று சொல்ல முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ரீதிகௌளை என்றார். நியாயமாக அதோடு போனை வைத்திருக்கலாம், வைக்கவில்லை. "முன்னாடி பேசின அம்மா சொன்னதுல தப்பில்லைங்க. ரெண்டும் ஸ க ரி க ம-ன்னுதான் கிளம்பும். வாசல் ஒண்ணு, உள்ளே போனா வேற வேற வீடு" என்றார். ஆனந்தபைரவி மேலே ஏறும்போது ப த ப ஸ என்று பஞ்சமத்தை, அதாவது 'ப'வைப் பிடித்துக்கொண்டு போகும், நிஷாதத்தை, அதாவது 'நி'யைத் தொடாது. ரீதிகௌளை ஏறும்போது பஞ்சமத்தை விட்டுவிட்டு ம நி நி ஸ என்று நிஷாதத்தை இரண்டு தரம் தட்டிவிட்டுப் போகும். இதை நடுங்குகிற குரலில் பாடியே காட்டினார். 1977இல் 'கவிக்குயில்' படத்தில் இளையராஜா பாலமுரளிகிருஷ்ணாவைப் பாட வைத்தாரே, 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்', அது ரீதிகௌளைதான் என்றார். அந்தப் பாட்டை எத்தனையோ நூறு தடவை கேட்டிருக்கிறேன்! சுருக்கென்று இருந்தது.

(ஆனந்தபைரவிக்குத் தாய் ராகம் இருபதாவது மேளமா இருபத்திரண்டா, அதில் வரும் தைவதம், அதாவது 'த' எது என்றெல்லாம் வித்வான்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.)

ஒரு மாசத்துக்கு எனக்குத் தெருவில் 'ஆனந்தபைரவி அக்கா' என்றே பேர். எதிர்ப்புறத்துப் பூக்கடைக்காரர் இப்போதும் சில நாள் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. "சும்மா ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற வேலைதானே, இதுக்கு 70 வெள்ளியா" என்று கேட்கிறவர்கள். லைனிங் வைத்து, கழுத்துக்குப் பைப்பிங் கொடுத்து, ஊக்கு கையால் தைத்து ஒரு ரவிக்கை முடிக்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா? புடவைக்கு 600 வெள்ளி கொடுக்கும்போது வாய் திறப்பதில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அளவு ரவிக்கையும் தராமல், "உங்களுக்குத்தான் என் அளவு தெரியுமே" என்பார்கள். போன தீபாவளிக்கு அளந்தது அது! விடுங்கள், கேள்வி இதுவல்ல.

நேயர் விருப்பம் என்ற ஏற்பாடு கர்நாடக இசைக்குச் சரிப்படாது, அதில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். சினிமாப் பாட்டு நாலு நிமிஷம், கேட்டதைப் போட்டுவிடலாம். ஆலாபனை, நிரவல், ஸ்வரம் என்று ஒரு உருப்படியை முழுசாகப் போட்டால் இருபது நிமிஷம் ஓடிவிடும், ஒரு மணியில் மூன்று பேருக்கு மேல் விருப்பம் கேட்க முடியாது. நடுவில் வெட்டிப் போட்டால் அதைவிடக் கொடுமை. 'நல்லா இருக்கீங்களா, பசியாறிட்டீங்களா'வையும் தாராளமாக வெட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ராகம் கண்டுபிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தால், போன் செய்கிறவர் மட்டுமல்ல, போனைத் தொடாதவர்கூட அந்த மூன்று நிமிஷமும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்பார். என் உதவியாள் பெண்ணுக்குச் சங்கீதத்தில் அக்கறையே கிடையாது. அவள்கூட அன்றைக்குப் பிறகு "அக்கா, இது என்னவா இருக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஜனங்களுக்கு எது நல்லது என்று மேலே இருப்பவர்களே தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்பா ஒரு கதை சொல்வார். 1952இல் கேஸ்கர் என்ற மந்திரி வந்த பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு, சாஸ்திரிய சங்கீதத்தை நிறையக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் கூட்டமாக ரேடியோ சிலோன் பக்கம் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு அந்தக் கச்சேரிகள் உயிர், ஆனாலும் கேஸ்கர் செய்தது தப்பு என்றுதான் சொல்வார்.

இப்போது போனுக்குப் பதில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்பச் சொல்கிறார்கள். பேரை மட்டும் வரிசையாக வாசிக்கிறார்கள். செந்தூல் பெரியவர் மாதிரி ஒருவர் அதில் எப்படிப் பாடிக் காட்டுவார்? போதாக்குறைக்கு, கைப்பேசிச் செயலியில் கேட்டால் நிகழ்ச்சி தாமதமாகத்தான் வந்து சேருகிறது. போன வருஷம் ஒரு நிகழ்ச்சியில் இதே மாதிரிக் கேள்வி வந்தது. நான் மோகனம் என்று தட்டி அனுப்பும்போது அங்கே விடையையே சொல்லி முடித்திருந்தார்கள். கேட்பதென்றால் பழைய எஃப்எம் ரேடியோவிலேயே கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தற்பெருமை என்றாலும் பரவாயில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதம் புறப்படும். சில வருஷத்துக்கு முன்னால், தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் முழங்கால் வரை நனைந்து நின்றுகொண்டிருந்தேன். நாதஸ்வரம் ஸ க ரி க ம என்று கிளம்பியது. ஊஞ்சல் பாட்டுச் சாயல்தான். வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். பஞ்சமத்தைத் தொடாமல் மேலே போய் நி நி என்று தட்டியது.

பக்கத்தில் நின்ற பூக்கடைக்காரரிடம் "ரீதிகௌளை" என்றேன். அவர் காதில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "என்னது?" என்றார்.