மொரிசியஸ் வீட்டில் மிக்ஸியும் சந்தகை மிஷினும்

கேள்வி: வீட்டுக்காரருக்கு மொரிசியஸில் பனியன் கம்பெனி வேலை. தை மாசம் குடி போறோம். நம்ம மிக்ஸி அங்கே ஓடுமா? இடியாப்பம் மாதிரி பிழியற சந்தகை மிஷினை எடுத்துட்டுப் போகலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாக ஓடும். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் சேராது. அங்கே பிரிட்டிஷ் பாணி மூன்று தட்டைக் கால் சாக்கெட்டும், பிரெஞ்சு பாணி இரண்டு உருண்டைக் கால் சாக்கெட்டும் புழக்கத்தில் உள்ளன. மிக்ஸி அதிர்வில் அடாப்டர் தளர்ந்து சூடாகும், அதை நம்பாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் மூன்று தட்டைக் கால் பிளக்கே மாட்டிக்கொள்ளுங்கள். பச்சை ஒயர் எர்த். சிவப்பு அல்லது பழுப்பு ஒயர் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் பக்கம். 750 வாட் மிக்ஸி 3.3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை மாற்றிவிடுங்கள்.

சந்தகை மிஷின் இரும்பு என்றால் உப்புக்காற்றில் துருவேறும், மரை இறுகிவிடும். பித்தளை அல்லது ஸ்டீல் வாங்குங்கள். இரும்புதான் வேண்டுமென்றால், கழுவியதும் துடைத்து, வெயிலில் காயவைத்து, மரையில் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். அச்சுத் துளைகளில் மாவு காய்ந்து நிற்கக் கூடாது. ஈரம் பிடிப்பது அங்கேதான்.

விதை, செடி, மண் எதையும் அனுமதியில்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். கறிவேப்பிலை அங்கேயே கிடைக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். தையில் போனால் நடுவில்தான் இறங்குவீர்கள். எச்சரிக்கை நான்கு படி. மூன்றாம் படிக்கு முன்பே குடத்தில் தண்ணீர் பிடித்துவிடுங்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழெழுத்து இருக்கும், பாருங்கள்!