பழைய சர்ச் ஆர்கனில் எட்டடி, நாலடி, ரேங்க் என்றால் என்ன? பராமரிக்க எவ்வளவு ஆகும்?

உங்கள் கையிலும் யாரோ ஒரு எஸ்டிமேட்டைத் திணித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் பின்பலகையைக் கழற்றி, உள்ளே குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். கேலி இல்லை. ஏற்காட்டில் எங்கள் சின்ன சபையில் இருக்கிற ஆர்கனைத் தாத்தா காலத்திலிருந்தே ‘பைப் ஆர்கன்’ என்றுதான் சொல்வோம். மேலே வரிசையாகத் தங்க நிறக் குழாய்கள். பொருளாளராக இருந்த நான் ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறித் தட்டிப் பார்த்தேன். மரம்! உள்ளே இருந்ததெல்லாம் ஹார்மோனியத்தில் இருக்கிற மாதிரி, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகள், அதாவது ரீடுதான்.

அதற்குள் பணம் போய்விட்டது. கீழே சேலத்திலிருந்து வந்தவர், “நாலு ஸ்டாப், நாலு ரேங்க், ட்யூனிங், பாலிஷ், 38,000” என்றார். கமிட்டியில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. கேட்டால் மானம் போகும் என்று ஒத்துக்கொண்டோம்.

நிஜமான பைப் ஆர்கனில் ‘8’ என்றால் அந்த வரிசையில் ஆகக் கீழான ‘சி’ சுரத்தின் குழாய் சுமார் எட்டடி நீளம். ‘4’ ஒரு ஸ்தாயி மேலே பேசும், ‘16’ ஒரு ஸ்தாயி கீழே. ரேங்க் என்பது விரலால் அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய் வீதம் நிற்கும் ஒரு வரிசை. 61 கட்டைக்கு 61 குழாய். ஸ்டாப் என்பது அந்த வரிசைக்குக் காற்றை விடும் குமிழ். பெயர்தான் ஸ்டாப், இழுத்தால் திறக்கும்! எங்களுடையது மாதிரி ரீடு ஆர்கனில் ஸ்தாயியைக் காட்டத்தான் அந்த எண். அதோடு, ஒரே ரீடு வரிசைக்கு இடது பாதிக்கு ஒரு குமிழ், வலது பாதிக்கு ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். எங்களுடைய நாலு குமிழுக்கு உள்ளே இரண்டே வரிசை. நாலுக்குக் காசு கொடுத்தோம்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாமாலை மூன்றாம் சரணத்திலேயே ஆர்கனுக்கு மூச்சு முட்டியது. டீச்சரம்மா தையல் மெஷின் மாதிரி மிதிக்கிறார். “காத்து நிக்கல சார்” என்றார்.

துருத்திதான் விஷயம். நன்றாக மிதித்துவிட்டு, கட்டையைத் தொடாமல் நிறுத்திப் பாருங்கள். எங்களுடையது பத்து எண்ணுவதற்குள் தளர்ந்தது. எலி கடித்த மடிப்பு. டவுனில் ஹார்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து துருத்தித் துணியை மாற்றினார். பேசாத ஒரு ரீடை உருவி ஊதினார். பூச்சி இறக்கை ஒன்று பறந்தது. பஸ் காசோடு மொத்தம் 6,500. மழைக்காலப் பனிமூட்டத்தில் கட்டைகள் ஊறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிடச் சொன்னார். எல்இடி உதவாது, சூடு வராது.

விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். குழாய் ஆர்கன் வேறு கணக்கு என்று எனக்கும் தெரியும். அதில் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை துருத்தியிலும் வால்வுகளிலும் உள்ள தோலை மாற்றுவதே பெரும் செலவு. வெயில் ஏறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறும், அடியில் பித்தளை நாக்கு வைத்த ரீடு குழாய்களின் சுருதி அவ்வளவாக அசையாது, இரண்டும் ஒத்துப்போகாது. ஆள் வந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த 6,500-க்கு மூன்று கூட்டம் போட்ட கமிட்டி, அறுபது பேர் உட்காரும் கல் கட்டடத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்க ஐந்து நிமிடம் கூட எடுக்கவில்லை. அதில் ஒன்றை இப்போது ஆர்கன் மேல்தான் வைத்திருக்கிறார்கள்.