பணத்தை ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

அம்மா நினைவு நாளுக்காக அரசு குழந்தைகள் இல்லத்தில் 25,000 ரூபாய் கொடுக்கப் போனேன். கண்காணிப்பாளர் கையிலேயே வாங்கவில்லை. கொடுக்க வந்தவர்களை இப்படித் திருப்பி அனுப்பலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் செய்ததுதான் சரி. அரசுக்கு வரும் பணம் அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவின்படி அரசுக் கணக்கில் ஏற வேண்டும். கருவூலத்தில் கட்டிவிட்டால் நிதி ஒதுக்கீடு இல்லாமல் அதை வெளியே எடுக்க முடியாது. உங்கள் பணம் அந்தப் பிள்ளைகளுக்குப் போர்வையாக வந்து சேராது. கட்டாமல் மேசை இழுப்பறையில் வைத்துச் செலவழித்தால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்.

பணமாகவே கொடுக்க வேண்டுமென்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 105-ஆவது பிரிவில் இதற்கென ஒரு நிதியத்துக்கு இடம் தந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டு, காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள்.

எங்களைக் கேட்டால் பொருளாகக் கொடுங்கள் என்போம். கடைக்குப் போகும் முன் இல்லத்தில் என்ன குறைகிறது என்று கேளுங்கள். நாம் நினைப்பது பெரும்பாலும் நோட்டும் பிஸ்கட்டும். அங்கே தேவைப்படுவது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பேன் சீப்பு, கொசுவலை. பொருள், எண்ணிக்கை, மதிப்பு மூன்றையும் குறிப்பிட்டு அலுவலருக்கு ஒரு கடிதம், கண்காணிப்பாளருக்கு நகல். ஒப்புதல் வந்த பிறகு வாங்குங்கள். ஒப்படைக்கும்போது பில் நகலையும் கொடுத்து, அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டில் ‘போர்வை 1 கட்டு’ என்று இருந்தால் ஏற்காதீர்கள். ‘பருத்திப் போர்வை, 60க்கு 90 அங்குலம், 40 எண்ணம்’ என்றும், பதிவேட்டின் பக்க எண்ணும் இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டுக்குள் 40 போர்வை இருந்ததா 30 இருந்ததா என்ற கேள்வி பின்னால் எழாது.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை ராத்திரியே இல்லத்துக்கு அனுப்பலாமா?
— வாசகர், கரூர்

வேண்டாம். சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே சோறு கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பெரிய அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருப்பதுதான் ஆபத்து. மதியம் வடித்த சோறு ராத்திரி பத்து மணிக்கு ஐம்பது பிள்ளைகளின் தட்டுக்குப் போகக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெயை உறை பிரிக்காமல் கொடுங்கள். விருந்தே தர விருப்பமென்றால் இல்லத்துச் சமையலறையில் சமைக்க அனுமதி கேளுங்கள். முந்தைய நாளே சொல்லிவிட்டால், அன்றைக்கான மளிகையை எடுத்து அளந்து வீணாக்க மாட்டார்கள்.

அங்கன்வாடிக்குப் பால்மாவு டின்னும் பால் பாட்டிலும் வாங்கித் தரலாமா?
— வாசகி, திண்டுக்கல்

சட்டப்படி கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்மாவு, பால் பாட்டில், குழந்தை உணவு ஆகியவற்றை இலவசமாகக் கொடுப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்கு ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும். அங்கேயும் எந்த மாவு, எந்த வயதுக்கு என்று மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும். அங்கன்வாடிக்குப் பாய், மின்விசிறி, குழாய் வைத்த மூடியுள்ள குடிநீர் டிரம் தேவையா என்று பணியாளரிடம் விசாரியுங்கள்.

பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடலாமா? வரிவிலக்கு உண்டா?
— வாசகர், சேலம்

படம் கூடவே கூடாது. இல்லத்துக் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி 6 மாதம்வரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்காதீர்கள். பெயர்ப்பலகைக்கு முன் பொருள்களை மட்டும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினாலும் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை. பழைய முறையில் இருப்பவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு வங்கி வழியாக அனுப்பினால் முழுத் தொகைக்கும் விலக்கு கிடைக்கும்; ஆனால் அது உங்கள் ஊர் இல்லத்துக்கென்று தனியாக வராது.