படுக்கிற நாம்பனும் சுவரில் ஒட்டிய தாளும்

அன்பின் ஐயா,

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணர் ஒரு குட்டிக் குதிரை வளர்க்கிறார், மினியேச்சர் இனம். ஒவ்வொரு தையிலும் அதற்கு வண்டில் பழக்குவதற்கான வருட இலக்குகளை எழுதிச் சுவரில் ஒட்டுவார். அதைப் பார்த்து என் இரண்டு நாம்பன்களுக்கும் (இளங்காளைகள்) எழுதினேன்: தையில் நுகம், மாசியில் வெறும் வண்டில், பங்குனியில் பத்து மூட்டை நெல், ஆவணியில் வண்டில் சவாரிப் போட்டி, அடுத்த வருட வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போவது. இரண்டும் இரண்டு நிலைப்பல் போட்ட இளசுகள். மாசி பிறக்குமுன்பே இடத்தன் (இடப்பக்க மாடு) நுகத்தோடு படுக்கத் தொடங்கிவிட்டது. அவிழ்த்தால் எழும்புகிறது, பூட்டினால் படுக்கிறது. ஆளை மாற்றுவதா, மாட்டை மாற்றுவதா?

ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

தாளை மாற்றினால் போதும்.

நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் மாட்டின் மேல் ஏற்றப்போகும் சாமான்கள்: நுகம், வண்டில், மூட்டை. மாடு என்ன செய்யவேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. குட்டிக் குதிரையை ஒழுங்காகப் பழக்குகிறவர்கள் "பங்குனியில் வண்டில்" என்று எழுதமாட்டார்கள். "நில் என்றதும், கயிறு தளர்ந்திருக்க, ஒரு நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும், மூன்று நாள் அடுத்தடுத்து" என்று எழுதுவார்கள். அது நடந்த பிறகுதான் அடுத்த வரி. தோளில் 34 அங்குலத்துக்கு மேல் வளராத அந்தக் குதிரையைக்கூட இரண்டு வயதில் பின்னால் நடந்து கயிற்றால் ஓட்டப் பழக்கிவிட்டு, வண்டிலில் பூட்டுவதற்குப் பொதுவாக மூன்று வயது வரை காத்திருப்பார்கள்.

அண்ணரிடமிருந்து அந்த முறையை மட்டும் எடுங்கள், மற்றதெல்லாம் வேறு. குதிரை நெஞ்சுப் பட்டியால் தள்ளி இழுக்கும், மாடு திமிலின் முன்புறத்தால் இழுக்கும். அவருக்கு ஒரு மிருகம், உங்களுக்குச் சோடி. பயந்தால் குதிரை ஓடும். நாம்பன் பல நேரம் நின்றுவிடும், அல்லது படுக்கும். ஆகவே இடத்தன் படுப்பதைக் குழப்படி என்று எடுக்கவேண்டாம்.

முதலில் கழுத்து. நுகம் இருக்கும் இடத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சூடு, வீக்கம், மயிர் உதிர்வு, தொட்டதும் தோலைச் சுண்டுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நுகம் இரண்டு கிழமைக்கு வேண்டாம். தோல் உரிந்திருந்தால் புது மயிர் மூடும்வரை வேண்டாம். சாக்குத் துணியை மடித்துப் புண்ணுக்கு மேல் வைத்துப் பூட்டுகிற வழக்கம் கெட்டது. துணி வியர்வையில் நனைந்து சுருண்டு அதே இடத்தைத் திரும்பவும் அரைக்கும்.

கழுத்து சுத்தமாக இருந்தால் நுகத்தை அளவுங்கள். நுகத்தைத் துலாவோடு (வண்டிலின் நீட்டு மரம்) கட்டும் நடுக்கட்டிலிருந்து இரண்டு மாட்டின் கழுத்து நடுவுக்கும் தூரம் சமனா? 24 அங்குலம், 24 அங்குலம் என்று இருந்தால் இழுவை பாதி பாதி. கட்டு இரண்டு அங்குலம் இடத்தன் பக்கம் நகர்ந்திருந்தால் அதன் பங்கு நூற்றுக்கு 54, வலத்தனுக்கு 46. கயிறு தளர்ந்து கட்டு நகர்வதைப் பலர் கவனிப்பதில்லை. இதையே மாற்றியும் பயன்படுத்தலாம்: பலமான மாட்டின் பக்கம் ஓர் அங்குலம் தள்ளிக் கட்டினால் மெலிந்ததற்கு இலேசாகும். உயர வித்தியாசம் மூன்று அங்குலத்துக்கு மேல் என்றால் அது சோடியே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படுத்தால், காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. படுத்தவுடன் அவிழ்த்தீர்கள். படுத்தால் நுகம் போகும் என்று அது படித்துவிட்டது. இனிப் படுத்தால் வலத்தனின் கழுத்தை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிறு அதை இறுக்காதபடி தளர்த்திவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். வாலை முறுக்கவேண்டாம், வால் எலும்பு முறியும். கேட்டிக் கம்பை எடுக்கவே வேண்டாம். பத்து நிமிடமோ அரை மணியோ, தானாக எழும்பும். எழும்பி இரண்டு அடி வைத்ததும் நிறுத்தி, தடவி, அப்போது அவிழுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் ஐந்து அடி. வெயில் ஏறிய பிறகு இந்தப் பாடத்தைத் தொடங்கக்கூடாது, படுத்த மாட்டை நிழலில்லாத இடத்தில் காக்கவைக்க முடியாது.

இனி வருடம். எங்களுக்கு வருடம் தையில் தொடங்குவதில்லை, காலபோக (மழைக்கால நெல்) அறுவடை முடிந்த வெறும் வயலில் தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் நுகத்தைக் கொட்டிலில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே, நாணயக்கயிற்றில் (மூக்கணாங்கயிறு) பன்னிரண்டு பதினைந்து அடிக் கயிறு கட்டிப் பின்னால் நடந்து ஓட்டுங்கள். விடியப்புறம் இருபது நிமிடம். நட, நில், இடம், வலம். வீட்டில் புழங்கும் சொல் எதுவானாலும் சரி, எல்லோரும் அதே சொல்லைச் சொல்லவேண்டும். தகப்பன் ஒன்று, மகன் ஒன்று சொன்னால் மாடு இரண்டையும் கேட்காது. நாணயம் புதிதாகக் குத்தியிருந்தால் துளை ஆறும்வரை, இரண்டு மூன்று கிழமை, அதில் இழுக்கவேண்டாம், தலைக்கயிற்றில் நடத்துங்கள். நிற்கப் பழக்குவதற்குத்தான் கூடிய நாள் கொடுக்கவேண்டும். நிற்கத் தெரியாத மாட்டை வண்டிலில் பூட்டினால், பூட்டும் நேரத்திலேயே துலா ஆளின் விலாவில் இடிக்கும்.

வைகாசி, ஆனியில் சோடியாக வெறும் நுகம். இரண்டும் ஒரே நேரத்தில் கால் எடுத்தால் ஆடியில் மரக்குற்றி. நாற்பது கிலோக் குற்றி ஒன்றை வறண்ட நிலத்தில் இழுக்க இருபது, இருபத்தைந்து கிலோ இழுவை வேண்டும். இரண்டும் சேர்ந்து நானூறு கிலோ நிறை என்றால் அவை களைக்காமல் தொடர்ந்து தரக்கூடியது அதில் பத்திலொன்று, நாற்பது கிலோ இழுவை. அதற்குள் நிற்கிறோம். குற்றி குதிகாலுக்குப் பத்து அடி பின்னால் இருக்கட்டும். திரும்பும்போது சங்கிலி தொய்ந்து காலுக்கிடையில் போவதுதான் இங்கே வழக்கமாக வரும் பிழை, ஒருவர் கயிற்றிலும் ஒருவர் சங்கிலிப் பக்கமும் நடக்கவேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காலை எட்டு மணிக்கு மேல் வேலை இல்லை. ஓய்வில் நிமிடத்துக்கு இருபது முப்பது தரம் மூச்சு விடும் மாடு எண்பதைத் தாண்டி, வாயும் திறந்தால் உடனே நிழல், தண்ணீர்.

ஆவணியில் சவாரி என்ற வரியை வெட்டிவிடுங்கள். இரண்டு பல் மாட்டின் எலும்பு இன்னும் வளர்கிறது. நாலு பல் போடட்டும், பிறகு யோசிக்கலாம். ஆவணி, புரட்டாதிக்கு வெறும் வண்டில் போதும், றப்பர் ரயர் என்றால் நல்லது. ஒருவர் ஏறியதும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோ தாங்கல் இருக்கவேண்டும். முன்பாரம் கூடினால் கழுத்து புண்ணாகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். படுக்கிற மாடுகளில் சில இதனால் படுப்பவை.

ஐப்பசி முதல் மார்கழி வரை இலக்கு எதுவும் வேண்டாம். ஊறிய குளம்பு, ஈரக் கழுத்து, சேறு, மூன்றும் சேர்ந்தால் ஒரு வருட வேலை ஒரு கிழமையில் போகும். மழைக்கு முன்பே மிருக வைத்தியரிடம் தொண்டை அடைப்பான், கால்வாய் நோய் (கோமாரி) ஊசிகளைக் கேளுங்கள். 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அந்த மாதங்களில் காற்றுப் படாத கொட்டிலும் காய்ந்த வைக்கோலும்தான் வேலை. மழை விட்ட நாளில் கயிற்றில் பத்து நிமிடம் நடத்தினால் படித்தது மறக்காது.

தையில் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி கீழே, குற்றியிலிருந்து தொடங்குங்கள். பட்டிப் பொங்கல் வெடிச் சத்தத்துக்குள் முதற்தரம் வண்டில் கட்டவேண்டாம். மாசியில் வைக்கோல், விறகு என்று இலேசான பாரம். உங்கள் பத்து மூட்டை நெல் அறுநூறு, எழுநூறு கிலோ. வளர்ந்த சோடி தார் வீதியில் அதை இழுக்கும். வயல் மணலில் இழுவை பல மடங்காகும். உங்களுடையவற்றுக்கு இரண்டு மூட்டை போதும்.

பிறகு தூரம்: இரண்டு கிலோமீற்றர், கிழமைக்கு ஒன்று கூட்டிப் பங்குனி முடிவில் ஆறு, சித்திரையில் பத்து. மாடு மணிக்கு மூன்று நான்கு கிலோமீற்றர்தான் நடக்கும். வற்றாப்பளை ஒரே நடையில் போகும் தூரமல்ல, முள்ளியவளையில் அவிழ்த்து, தண்ணீர் காட்டி, அடுத்த நாள் போங்கள். யானை நடமாடும் பாதை, வெளிச்சம் வருமுன் வெளிக்கிட வேண்டாம். பஸ் பின்னால் ஹோன் அடிக்கும்போது இரண்டும் நேராக நடக்கின்றனவா என்பதைச் சித்திரைக்குள் பார்த்துவிடவேண்டும். இல்லையென்றால் அந்த வைகாசிக்கு நீங்களும் பஸ்ஸில் போங்கள்.

ஒரு கொப்பியில் நாளுக்கு மூன்று விஷயம் எழுதினால் போதும்: எத்தனை நிமிடம், எங்கே பிழை வந்தது, அவிழ்த்தபின் கழுத்து எப்படி. அடுத்த கடிதத்தில் நுகத்தின் இரண்டு பக்க அளவையும் இடத்தனின் கழுத்துப் படத்தையும் அனுப்புங்கள்.