கொறங்காட்டில் வெள்வேல் முளைக்கவில்லை என்று கேட்டவருக்கு

வணக்கம்ங்க. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கக் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், வெள்வேல மரங்களுக்கு வயதாகிவிட்டது, தூவிய விதையும் முளைக்கவில்லை, வெட்டி விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தபின் ஆட்டைத் தாங்குவது அந்த வேலங்காய்தான்.

விதையின் தோல் கெட்டியானது, அதனால்தான் முளைப்பதில்லை. காய் தின்ற ஆட்டின் வயிற்றில் ஊறி வந்த விதை சுலபமாக முளைக்கும். பட்டியில் கூட்டிய புழுக்கையைக் கிளறிப் பாருங்கள், விதை பழுப்பு நிறத்தில் வழவழவென்று கிடக்கும். பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் கிளுவை வேலியோரம் ஊன்றுங்கள். மரத்தில் பறித்த விதை என்றால் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள்.

அப்புறம், முளைத்த கன்றை ஆடு கடிக்கும். எங்கள் காட்டில் முதல் வருடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை ஒவ்வொன்றுக்கும் முள் அடையுங்கள்.