வாசகர் கேள்விகள்: கார்னெலில் தோன்றிய ஆல்ஃபா கிளை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட ‘ஃப்ரெட்டர்னிட்டி’ என்னும் ஆண் மாணவர் சங்கங்கள் இருப்பதாகப் படித்தேன். விருந்தும் கேளிக்கையும் தவிர அவற்றுக்குச் சொல்லத்தக்க வரலாறு உண்டா? ஒரு கிளையைக் கொண்டாவது விளக்குக.

பதில்: உண்டு. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ சங்கத்தின் முதல் கிளையை எடுத்துக்கொள்வோம். கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம்தான் கார்னெல்; ஆனால் சேர்க்கை கிடைப்பதும் படிப்பை முடிக்கும்வரை அங்கே தாக்குப்பிடிப்பதும் ஒன்றல்ல. 1904-05 கல்வியாண்டில் அங்கு படித்த கறுப்பின மாணவர்களுள் ஆறு பேர் மறு ஆண்டு திரும்பி வரவில்லை. எஞ்சியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் சேர்ந்து படிக்கவும் ஒரு சிறு வட்டத்தை அமைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் வேளாண்மையில் பட்ட மேற்படிப்புப் படித்துவந்த சி. சி. பாயிண்டெக்ஸ்டர்.

அந்த வட்டம் இலக்கியக் கழகமாகவே நீடிக்க வேண்டுமா, கிரேக்க எழுத்துப் பெயரும் இரகசியச் சடங்கும் கொண்ட சங்கமாக மாற வேண்டுமா என்பதில் கருத்து வேற்றுமை எழுந்தது. பாயிண்டெக்ஸ்டர் இலக்கியக் கழகத்தின் பக்கம் நின்றார். இளையவர்கள் பலர் மறுபக்கம் நின்றார்கள். அவர்களுள் சிலர் வயிற்றுப்பாட்டுக்காக வெள்ளை மாணவர்களின் சங்க இல்லங்களில் உணவு பரிமாறி வந்தவர்கள். தங்களை உறுப்பினராக ஏற்காத அந்த இல்லங்களுக்குள் வேலைக்காரராக நுழைந்து, அங்கு கிடைத்த உறைவிடம், நட்பு, மூத்தோர் ஆதரவு ஆகியவற்றின் மதிப்பை நேரில் கண்டவர்கள், அதே அமைப்பைத் தமக்கென உருவாக்க விரும்பியதில் வியப்பில்லை. 1906 டிசம்பர் 4 அன்று முடிவு அவர்கள் பக்கம் சாய்ந்தது. சங்கத்தின் முதல் தலைவராக ஜார்ஜ் பிடில் கெல்லி பொறுப்பேற்றார். கறுப்பும் பழம்பொன்னும் அதன் நிறங்களாயின.

‘ஏழு மாணிக்கங்கள்’ என்று சங்கம் போற்றும் நிறுவனர்கள் கெல்லி, ஹென்றி காலிஸ், சார்லஸ் சாப்மன், யூஜீன் கிங்கிள் ஜோன்ஸ், நதேனியல் மர்ரே, ராபர்ட் ஓகிள், வெர்ட்னர் டாண்டி ஆகியோர். இப்பட்டியலில் பாயிண்டெக்ஸ்டர் இல்லை. கருத்து மாறுபட்டவர் என்றாலும், அவர் கூட்டிய வட்டம் இல்லையேல் சங்கமே பிறந்திராது என்பதால், இந்த விடுபடல் எனக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது.

எழுவருள் டாண்டி பின்னாளில் நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார். தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கரின் ‘வில்லா லெவாரோ’ மாளிகை அவர் வடிவமைத்ததே. ஜோன்ஸ் கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்குப் பாடுபடும் தேசிய நகர்ப்புறக் கழகத்தை, அதாவது நேஷனல் அர்பன் லீகை, நெடுங்காலம் வழிநடத்தினார்.

கேள்வி: ஒரு வளாகத்தில் தோன்றியது எவ்வாறு நாடெங்கும் பரவியது? மார்ட்டின் லூதர் கிங்கும் இதன் உறுப்பினர் என்பது உண்மையா?

பதில்: கிளைகளுக்குக் கிரேக்க எழுத்து வரிசையிலேயே பெயரிடுவது வழக்கம். கார்னெல் கிளை ‘ஆல்ஃபா’. 1907 டிசம்பரில் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ‘பீட்டா’வும், அதே மாதம் ரிச்மண்டின் வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தில் ‘காமா’வும் அமைந்தன. பின்னதில் பட்டம் பெற்ற பிறகே ஜோன்ஸ் கார்னெலுக்கு வந்தவர். பழைய தொடர்பு கைகொடுத்தது. முதல் பொது மாநாடு 1908இல் ஹோவர்டில் கூடியது. 1945 முதல் இனவேறுபாடின்றி எல்லா ஆண்களுக்கும் சங்கம் கதவைத் திறந்தது.

கிங் 1952இல் பாஸ்டனிலுள்ள ‘சிக்மா’ கிளையில் சேர்ந்தார். வாஷிங்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் யோசனையை 1984இல் முன்னெடுத்ததும் இச்சங்கமே. 1996இல் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்று, நன்கொடை திரட்டி, 2011இல்தான் அது திறக்கப்பட்டது.

கேள்வி: பெண்கள் சேர முடியுமா?

பதில்: முடியாது, அவர்களுக்கெனத் தனிச் சங்கங்கள் உள்ளன. பீட்டா கிளை அமைந்த சில வாரங்களில், 1908 ஜனவரியில், அதே ஹோவர்டில் மாணவியர் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வைத் தொடங்கினார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் அங்கு படித்தபோது சேர்ந்தது இச்சங்கத்தில்தான்.