டீபக்கரோடு ஒரு மாதம் போனது வீணா?

தம்பி, "நண்பர்களெல்லாம் புதுப்புது ஃபிரேம்வொர்க் படிக்கிறார்கள், நான் மட்டும் ஒரு மாதமாக, புரோகிராமில் பிழை தேட உதவும் ஜிடிபி (GDB) என்ற டீபக்கரோடு மல்லுக்கட்டுகிறேன், இது வேலைக்கு உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. வலைத்தளம் வடிவமைக்கும் வேலைக்கு இதை யாரும் கேட்கப்போவதில்லை. கம்பைலர், தரவுத்தள என்ஜின், எம்பெடெட், கெர்னல் பக்கம் போவதானால் கட்டாயம் உதவும்.

நீங்கள் அனுப்பிய ஜிடிபிஇனிட் (.gdbinit) ஃபைலை, அதாவது ஜிடிபி தொடங்கும்போதே படிக்கும் அமைப்பு ஃபைலை, பார்த்தேன். முந்நூறு வரி, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. (கோபிக்க வேண்டாம், நானும் ஒட்டியவன்தான்.) அதை ஓரம் வைத்துவிட்டு, ஸ்ட்ரக்டை (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பை) வரிவரியாகக் காட்டும் 'செட் பிரிண்ட் ப்ரெட்டி ஆன்' என்ற ஒரே வரியில் ஆரம்பியுங்கள். பிறகு உங்கள் புரோகிராமில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ஒரு ஸ்ட்ரக்டுக்கு, 'டிஃபைன்' போட்டு சொந்தமாக ஒரு கமாண்ட் எழுதுங்கள். லிங்க்டு லிஸ்ட் என்றால் 'வைல்' போட்டு ஒவ்வொரு நோடாக நடக்க வேண்டும். லிஸ்ட் எங்கே முடிகிறது, டைப்பைச் சொல்லும் டேக் எந்த பிட்டில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் அதில் ஒரு வரிகூட நகராது. நேர்முகத் தேர்வில் தோண்டிக் கேட்பதும் அதைத்தான்.

அடுத்து, பைத்தானில் ப்ரெட்டி பிரிண்டர், அதாவது ஒரு தரவைப் படிக்கத் தோதாக ஜிடிபியில் காட்டும் சிறு ஸ்கிரிப்ட். 2009-இல் வந்த ஜிடிபி 7.0 முதல் இந்த வசதி உண்டு. இங்கே பலர் சறுக்குவார்கள்: புரோகிராமுக்குள் ஏற்கெனவே இருக்கும், தரவை அச்சிட்டுக் காட்டும் டம்ப் ஃபங்ஷனை 'கால்' செய்து முடித்துவிடுவார்கள். புரோகிராம் ஓடும்போது அழகாக வேலை செய்யும். கிராஷ் ஆன கோர் ஃபைலைத் திறந்தால் கைவிரித்துவிடும். அங்கே இருப்பது மெமரியின் நகல், ஃபங்ஷனை ஓட்ட உயிருள்ள புராசஸ் இல்லை. மெமரியை நேரடியாகப் படிக்கும் பிரிண்டர் இரண்டு இடத்திலும் நிற்கும். நள்ளிரவில் ஒரு கோர் ஃபைலோடு தனியாக உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

புராஜெக்ட் ஃபோல்டரில் வைத்த ஜிடிபிஇனிட் ஃபைல் லோட் ஆகவில்லை என்றீர்களே, அது கோளாறல்ல, காவல். யாரோ கொடுத்த ஃபோல்டரில் கிடக்கும் ஸ்கிரிப்ட் தானாக ஓடிவிடக் கூடாது அல்லவா? ஹோம் ஃபோல்டரில் உள்ள ஜிடிபிஇனிட்டில் 'ஆட்-ஆட்டோ-லோட்-சேஃப்-பாத்' போட்டு உங்கள் ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயில் வெறுமனே 'ஜிடிபி தெரியும்' என்று எழுதாதீர்கள். எந்த ஆப்ஜெக்டுக்குப் பிரிண்டர் எழுதினீர்கள், அதை வைத்து எந்த பக்கைப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். ஃபிரேம்வொர்க்கையும் கைவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை ஜிடிபிக்குப் போதும்.